டாலஹாச்சி: எல்லைக்கோடும் நீதிமன்றமும்

அமெரிக்காவின் 'கவுன்டி'யைத் தமிழில் 'மாவட்டம்' என்று பெயர்ப்பதில் ஓர் இடர் உண்டு. இந்திய மாவட்டத்துக்கு ஆட்சியரை அரசு அனுப்புகிறது. கவுன்டியின் ஷெரீபையோ உள்ளூர் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஜூரிகளும் அவ்வெல்லைக்குள்ளிருந்தே எடுக்கப்படுகிறார்கள். ஆகவே எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது நீதியையே தீர்மானிக்கக்கூடும்.

மிசிசிப்பி மாநிலத்தின் டாலஹாச்சி கவுன்டி இதற்குச் சான்று. பெயர் சோக்டா மொழியிலிருந்து வந்தது. 'பாறை ஆறு' என்பது அதன் பொருள். 1830இன் உடன்படிக்கையால் சோக்டா மக்கள் நிலத்தை இழந்தனர். 1833இல் கவுன்டி உருவானது. பெயர் மட்டும் எஞ்சியது. கிழக்கே குன்றுகள், மேற்கே பருத்தி விளையும் டெல்டாச் சமவெளி. ஒரே கவுன்டிக்குச் சார்ல்ஸ்டன், சம்னர் என இரு தலைமையிடங்கள், இரு நீதிமன்றங்கள். ஆற்றையும் சதுப்பையும் கடப்பது அரிதாயிருந்த காலத்தின் எச்சம் அது.

1955 ஆகஸ்டில் சிகாகோவைச் சேர்ந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் கொல்லப்பட்டான். அவன் கடத்தப்பட்டது லெஃப்ளோர் கவுன்டியில். அடித்துத் துன்புறுத்தப்பட்ட கொட்டகை சன்ஃபிளவர் கவுன்டியில். உடல் ஆற்றில் கிடைத்தது டாலஹாச்சியில். உடல் கிடைத்த இடத்தை வைத்து ஷெரீப் ஸ்ட்ரைடர் வழக்கைத் தம் எல்லைக்குள் கொண்டுவந்தார். பின்னர் அவரே சாட்சிக்கூண்டில் ஏறி, அவ்வுடல் யாருடையது என்று சொல்ல இயலாது என்று எதிர்த்தரப்புக்குத் துணைநின்றார். கவுன்டி மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலிலோ அவர்களில் ஒருவரும் இல்லை. பட்டியலில் இல்லாதவர் ஜூரியாக முடியாது. பெண்களுக்கும் அங்கே அவ்வுரிமை 1968 வரை இல்லை. ஆக, வெள்ளையின ஆண்கள் பன்னிருவர். கடத்தியவரை மோஸ் ரைட் எழுந்து நின்று கைநீட்டி அடையாளம் காட்டினார். அந்நாளில், அவ்விடத்தில், அது உயிரைப் பணயம் வைத்த செயல். 67 நிமிடங்களில் 'குற்றமற்றவர்' என்ற தீர்ப்பு வந்தது. அடுத்த ஜனவரியிலேயே விடுவிக்கப்பட்ட இருவரும் ஓர் இருவார இதழில் கொலையை ஒப்புக்கொண்டனர். ஒரே குற்றத்துக்கு மறுமுறை விசாரணை இல்லை என்பதால் அச்சமின்றி.

இதை வெறுப்புணர்ச்சியின் கதையாக மட்டும் சொல்வது போதாது. அன்று நடைமுறை எங்கும் முறியவில்லை. வாக்கு, ஷெரீப், ஜூரி என்ற சங்கிலி அது செய்யவேண்டியிருந்த வேலையைச் செம்மையாகச் செய்தது. தனிமனிதர் இருவர்மீது பழியை முழுவதும் இறக்கிவைப்பவர்கள் அந்தப் பட்டியலைத் தப்பவிடுகிறார்கள்.

2007இல் கவுன்டி மக்கள் சிலர் கூடி, சம்னர் நீதிமன்றத்தின் முன் டில் குடும்பத்திடம் பகிரங்க மன்னிப்புக் கோரினர். விசாரணைக்கூடம் 1955இன் தோற்றத்துக்கே மீட்டமைக்கப்பட்டது. 2023இல் அது தேசிய நினைவிடத்தின் பகுதியுமானது. கூடத்தை அன்றிருந்தபடி வைத்தது சரியான முடிவே. ஆனால் ஜூரி இருக்கைகளைக் காட்டும் அளவுக்கு, அவற்றில் யார் அமரமுடியாமல் போனார்கள் என்பதற்குச் சான்றான வாக்காளர் பதிவேட்டையும் அங்கே வைக்கவேண்டும். இருக்கை மரத்தாலானது, அதைச் செப்பனிடுவது எளிது.

ஆற்றங்கரை நினைவுப்பலகை திருடப்பட்டது. மாற்றாக வைத்தவை சுடப்பட்டன. 2019இல் குண்டு துளைக்காத பலகை நிறுவப்பட்டது. நீதிமன்ற வளாகத்தில் டில் வழக்கின் பலகையும், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்புப் படையினருக்கான நினைவுச்சின்னமும் ஒரே புல்வெளியில் நிற்கின்றன.