ஜிபேயில் வந்த பணமெல்லாம் வருமானமா? பெங்களூரு பெட்டிக்கடைகள் கேட்ட நியாயமான கேள்வி

"அண்ணா, ஜிபே இருக்கா?" என்று கேட்டால், க்யூஆர் அட்டையை நம் பக்கம் திருப்பி வைப்பார்கள். 2025 ஜூலையில் பெங்களூருவின் பல டீக்கடைகள், பேக்கரிகளில் அந்த அட்டை காணாமல் போனது. அதற்குப் பதிலாக ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்.'

ஏன் இந்தத் திடீர் பயம்?

என்ன நடந்தது?

2021-22 முதல் 2024-25 வரையிலான யுபிஐ வரவுகளைக் கர்நாடக வணிக வரித் துறை அலசியது. ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் வரம்பைத் தாண்டியதாகத் தெரிந்த ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் போனது. சிலருக்கு லட்சக்கணக்கில் வரி. வரியே இல்லாத காய்கறி விற்பவர்களுக்கும் நோட்டீஸ் வந்ததுதான் கொடுமை.

வியாபாரிகள் ஒன்று சேர்ந்தார்கள். பால் விற்பனையை நிறுத்தினார்கள், ஜூலை 25-ல் கடையடைப்பு என்று அறிவித்தார்கள். முதல்வர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசினார். ஜிஎஸ்டியில் பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று அரசு இறங்கி வந்ததும் கடையடைப்பு வாபஸ் ஆனது.

வரம்பு எவ்வளவு?

பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், சேவை என்றால் 20 லட்சம். தமிழ்நாட்டிலும் இதே கணக்குதான். 40 லட்சம் என்பது பெரிய தொகையாகத் தெரியலாம். 365-ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்குச் சுமார் 11,000 ரூபாய். பால், பிஸ்கட் விற்கும் ஒரு சுமாரான தெருமுனைக் கடையே இதைத் தொட்டுவிடும். அது கல்லாவுக்கு வந்த பணம்தான், லாபம் இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாலுக்கு வரி கிடையாது. ஆனால், பாலோடு பிஸ்கட்டும் விற்றால், 40 லட்சம் வரம்பைக் கணக்கிடும்போது பால் விற்ற காசும் சேரும். வரி பிஸ்கட்டுக்கு மட்டும்தான், பதிவு செய்யும் கடமைக்கு மொத்த விற்பனையும் கணக்கு. இதை எத்தனை கடைக்காரர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இதுபோக, ஒரே க்யூஆர் கோடில்தான் தம்பி அனுப்பிய கைமாத்தும் வரும், சீட்டுப் பணமும் வரும். மொத்த வரவை மட்டும் பார்த்தால், எது விற்பனை, எது குடும்பக் காசு என்று தெரியாது.

'நாங்க மட்டும் வரி கட்டலையா?'

மாதச் சம்பளக்காரர்கள் பலர் இப்படித்தான் கேட்டார்கள். சம்பளத்தில் டிடிஎஸ் பிடிக்கும்போது நமக்கும் வலிக்கத்தான் செய்யும். ஆனால், நாம் கட்டுவது வருமானத்துக்கான வரி. ஜிஎஸ்டி என்பது பொருளை வாங்குகிறவர் மீது விழும் வரி. பாக்கெட் பிஸ்கட்டை மொத்தக் கடையில் வாங்கும்போதே பெட்டிக்கடைக்காரர் ஜிஎஸ்டி கொடுத்துவிடுகிறார். பதிவு இல்லாததால் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. இப்போது விற்ற தொகை முழுவதற்கும் மறுபடி வரி கேட்டால்?

உண்மையான அநீதி எங்கே?

சிறு வியாபாரிகளுக்காகவே 'காம்போசிஷன்' திட்டம் இருக்கிறது. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை இருக்கும் கடைகள், வரிக்கு உட்பட்ட விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். உணவகங்களுக்கு 5 சதவீதம்.

18 சதவீத வரி உள்ள பொருள்களை 50 லட்சத்துக்கு விற்ற கடை என்று வைத்துக்கொள்வோம். இந்தத் திட்டத்தில் இருந்தால் வரி 50,000 ரூபாய். பதிவே இல்லாமல் பின்னாளில் மாட்டினால் 9 லட்சம். வட்டி, அபராதம் தனி. பழைய ஆண்டுகளுக்கு இந்தத் திட்டத்தில் பின்தேதியிட்டுச் சேரவும் வழியில்லை.

அதாவது, விதி தெரிந்த கடைக்கு ஐம்பதாயிரம், தெரியாத கடைக்கு ஒன்பது லட்சம். இதுதான் என் ஆட்சேபம்.

வேண்டுமென்றே ஏய்ப்பவர்களும் இருக்கிறார்கள். பதிவு செய்து ஒழுங்காகக் கட்டும் பக்கத்துக் கடைக்காரருக்கு அது துரோகம். அதனால் 'சின்னக் கடைக்கு வரியே வேண்டாம்' என்று சொல்ல மாட்டேன். ஆனால், நான்கு ஆண்டுக்கும் சேர்த்து நோட்டீஸ் அனுப்புவது நியாயமில்லை.

என்ன செய்யலாம்?

வரவு 30 லட்சத்தைத் தாண்டும்போதே கடைக்காரரின் மொழியில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பட்டும். முதல்முறை தவறுபவர்களுக்குப் பழைய ஆண்டுகளுக்கும் 1 சதவீதக் கணக்கைச் சட்டம் அனுமதிக்கட்டும். போராடினால் விலக்கு, இல்லாவிட்டால் நோட்டீஸ் என்பது நல்ல வரி நிர்வாகம் ஆகாது.

கேட்டால் விதி மாறும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. 2024 அக்டோபரில் கடை வாடகை மீது வந்த 18 சதவீத ஜிஎஸ்டிக்குத் தமிழக வணிகர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், காம்போசிஷன் வியாபாரிகளை அதிலிருந்து விடுவித்தது.

வியாபாரிகளும் கடைக்குத் தனி க்யூஆர் வைக்கலாம், கொள்முதல் பில்லை எடுத்து வைக்கலாம். ரொக்கத்துக்குத் திரும்புவது தீர்வாகாது. விற்பனை வரம்பைத் தாண்டினால் ரொக்கத்துக்கும் வரி உண்டு.

நாளைக்கு டீ குடிக்கும்போது, உங்கள் அண்ணாச்சியிடம் இந்த 40 லட்சம், 20 லட்சம் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். நோட்டீஸ் வந்து அவர் தெரிந்துகொள்வதைவிட, நாம் சொல்லித் தெரிவது நல்லது.