நாலு கதவுக்கும் ஒரே கம்பெனி ஸ்பீக்கர்தான் போடணுமா?

பழைய காருக்குப் புது ஸ்டீரியோ போடலாம் என்று ஜே.சி. ரோட்டுப் பக்கம் போனால் இலவசமாகக் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான்: "சார், நாலு டோருக்கும் ஒரே பிராண்டா போட்டுருங்க. மிக்ஸ் பண்ணா சவுண்டு செட் ஆகாது." சொல்லி முடிப்பதற்குள் ஒரே நிறத்தில் மூன்று அட்டைப்பெட்டிகள் மேஜைக்கு வந்துவிடும். பெட்டி பளபளக்கும். பில்லைப் பார்த்தால் நமக்குக் கண் இருட்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரில் கம்பெனி கலப்பது ஒன்றும் பாவமில்லை. கலக்கவே கூடாத இடங்கள் இரண்டுதான். அந்த இரண்டையும் தெரிந்துகொண்டால், மிச்சமெல்லாம் உங்கள் காதும் உங்கள் பர்ஸும் பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

நான் ஆடியோ இன்ஜினியர் இல்லைங்க. படித்தது பி.காம்., பிழைப்பது வங்கியில், இருப்பது பொம்மசந்திராவில், ஊர் விருதுநகர் பக்கம். 2010-ல் வாங்கிய ஸ்விஃப்ட். போன வருஷம் பதினைந்து வயது முடிந்து, ஆர்.டி.ஓ.வில் பதிவைப் புதுப்பித்து இன்னும் ஐந்து வருஷம் ஆயுள் வாங்கி வைத்திருக்கிறேன். ஐந்து வருஷம் ஓட்டப்போகிற வண்டியில் கரகரவென்று கேட்டுக்கொண்டே ஏன் போக வேண்டும் என்றுதான் இந்த ஆராய்ச்சியில் இறங்கினேன். என்னை மாதிரி பழைய வண்டியை விற்க மனசு வராமல் வைத்திருப்பவர்கள் ஓசூர் ரோடு நெடுக இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் இந்த "பிராண்ட்" என்கிற சமாச்சாரத்தைப் பார்ப்போம். ஜேபிஎல், இன்ஃபினிட்டி இரண்டும் வேறு வேறு பெயர். ஆனால் இரண்டுமே ஹர்மன் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த ஹர்மனையே 2017-ல் சாம்சங் வாங்கிவிட்டது. ஜேவிசியும் கென்வுட்டும் 2008-லிருந்து ஒரே கூரையின் கீழ். முன்னால் ஜேபிஎல், பின்னால் இன்ஃபினிட்டி போட்டால் கடைக்காரர் கணக்கில் அது கலப்பு. கம்பெனி கணக்கில் ஒரே வீடு!

ப்ளௌபுங்க்ட் கதை இதைவிட ருசியானது. 1923-ல் பெர்லினில் "ஐடியல்" என்ற பெயரில் ஆரம்பித்த கம்பெனி அது. சோதித்துத் தேறிய ஹெட்ஃபோன்களில் ஒரு நீலப் பொட்டு வைத்து அனுப்பினார்கள். ஜனங்கள் கடையில் போய் நீலப் பொட்டு வைத்ததைக் கொடு என்று கேட்க ஆரம்பித்ததும், 1938-ல் கம்பெனி பெயரே நீலப் பொட்டு என்று ஆனது (ஜெர்மன் மொழியில் ப்ளௌபுங்க்ட் என்றால் அதுதான் அர்த்தம்). பிறகு 2009-ல் பாஷ் நிறுவனம் அதைக் கைமாற்றிவிட்டது. இப்போது அந்தப் பெயரை உரிமம் வாங்கி வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு சாமான்களில் ஒட்டுகின்றன. பொட்டு அதேதான். வைக்கிற கை மாறிவிட்டது. பெயரை மட்டும் பார்த்து வாங்குவது, பெயரைப் பார்த்துக் கடன் கொடுப்பது மாதிரி. எங்கள் வேலையில் அப்படிச் செய்தால் ஆடிட்டில் மாட்டுவோம். பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்க வேண்டாமா?

ஸ்பீக்கருக்கும் பேலன்ஸ் ஷீட் உண்டு. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். மூன்று எண்களைப் பார்த்தால் போதும்.

ஒன்று, வாட். ஸ்டீரியோவின் முகத்தில் "50 x 4" என்று போட்டிருப்பார்கள். வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும், ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுங்கள். 51.84 வருகிறதா? அந்த 50 இங்கிருந்துதான் வருகிறது. ஆம்ப்ளிஃபையரை முழுதாகக் கதறவிட்டு, பாட்டெல்லாம் சிதைந்து வரும் நிலையில் கிடைக்கும் உச்சம் அது. சுத்தமான ஒலிக்கு அதில் பாதி, 26 வாட்கூட ஏட்டுக் கணக்குதான். நடைமுறையில் 15 முதல் 20 வந்தால் நல்ல பெட்டி. நம்பாவிட்டால் பெட்டியின் முதுகில் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 144 வாட். வரவு 144-ஆக இருக்கும்போது விடாமல் 200 எப்படி செலவாகும்? பேரேட்டில் இடிக்கிறதே! உச்ச வாட் என்பது வேலைக்குச் சேரும்போது சொல்லும் மொத்தச் சம்பளம். ஆர்.எம்.எஸ். வாட் என்பதுதான் கைக்கு வருவது. ஸ்பீக்கரிலும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் படியுங்கள்.

இரண்டு, ஓம். கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். ஒரே சேனலில் இரண்டை இணையாகப் போட்டால் 2 ஓம் ஆகிவிடும். பல ஸ்டீரியோக்கள் அதைத் தாங்காமல் சூடாகி மூச்சை விடும். கம்பெனி வேறாக இருப்பதால் வரும் கெடுதல் இல்லை இது. ஒரே கம்பெனி ஸ்பீக்கர்கள் இரண்டைப் போட்டாலும் இதே கதிதான்.

மூன்று, சென்சிடிவிட்டி. டெசிபலில் போட்டிருப்பார்கள். ஒன்று 88, இன்னொன்று 91 என்றால் "மூணுதானே" என்று விட்டுவிடாதீர்கள். 91 தரும் சத்தத்தை 88 தர வேண்டுமானால் இரட்டிப்பு வாட் வேண்டும். கலப்பில் சவுண்டு செட் ஆகவில்லை என்று சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த வித்தியாசம்தான் குற்றவாளி என்பது என் எண்ணம். பழி மட்டும் பிராண்ட் மேல். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில கம்பெனிகள் 1 வாட்டுக்கு அளந்து எழுதுகின்றன, சில 2.83 வோல்ட்டுக்கு அளந்து எழுதுகின்றன. 4 ஓமில் 2.83 வோல்ட் என்றால் 2 வாட். ஆக, அதே ஸ்பீக்கர் காகிதத்தில் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும். எதற்கு அளந்தது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் கவலையில்லை, ஸ்டீரியோவில் ஃபேடர் என்று ஒன்று அதற்காகவே இருக்கிறது.

சரி, கலக்கவே கூடாத இரண்டு இடங்கள் என்று சொன்னேனே... முதலாவது, இடமும் வலமும். முன்கதவில் இடது பக்கம் ஒரு கம்பெனி, வலது பக்கம் இன்னொன்று, கூடவே கூடாது. பாடகரின் குரல் டேஷ்போர்டுக்கு நடுவில் நிற்பது மாதிரி தோன்றுவது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலித்தால்தான். ஒன்று கெட்டுப்போய் அதே மாடல் கிடைக்கவில்லையென்றால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டாவது, காம்பொனன்ட் செட். வூஃபர், ட்வீட்டர், கிராஸ்ஓவர் மூன்றும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவை. எந்த அலைவரிசையில் வூஃபர் நிறுத்தி ட்வீட்டர் தொடர வேண்டும் என்பது அந்தக் கிராஸ்ஓவரில் முடிவாகியிருக்கிறது. ஒருவர் வூஃபருக்கு இன்னொருவர் ட்வீட்டரைக் கட்டி வைத்தால், இடையில் ஒரு பள்ளமோ மேடோ விழும். மேட்டை டோன் கன்ட்ரோலில் ஓரளவு அமுக்கலாம். பள்ளத்தை நிரப்புவது கஷ்டம்.

இதைத் தாண்டி, முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி, ஸ்டீரியோ இன்னொரு கம்பெனி, சப்வூஃபர் நாலாவது கம்பெனி... தாராளமாகப் போடுங்கள். வீட்டு ஹோம் தியேட்டரில் முன்பக்க மூன்று ஸ்பீக்கர்களும் ஒரே குரலில் பேச வேண்டும் என்பார்கள். அது நியாயம்தான். காருக்குள் நிலைமை வேறு. ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் பஞ்சு சீட், காலடியில் ஸ்பீக்கர், கதவுக்குள் தகர அதிர்வு. கம்பெனிக்குக் கம்பெனி இருக்கும் குரல் வேற்றுமையைவிட வண்டி செய்யும் சேட்டை அதிகம். பழைய வண்டியில் ஸ்பீக்கருக்குப் போடும் காசில் ஒரு பங்கைக் கதவுத் தகரத்துக்கு உள்ளே ஒட்டும் டேம்பிங் ஷீட்டுக்குப் போட்டால் கிடைக்கும் லாபம், ஒரே பிராண்டாகப் போட்டுக் கிடைக்கும் லாபத்தைவிடப் பெரிது.

இப்போது நம் ஆட்கள் விஷயம். ஆடியோ பிரியர்கள் "முன்பக்கம்தான் முக்கியம், பின் ஸ்பீக்கரே தண்டம்" என்பார்கள். தனியாக வண்டி ஓட்டும் ஆளுக்கு அது சரி. நம் வீடுகளில் பின் சீட்டில் உட்காருவது யார்? பிள்ளைகள். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தெருவில் நாலு பாஷை. தமிழ் எங்கே காதில் விழுகிறது? வீட்டில் நாம் பேசும் பேச்சு, அப்புறம் இந்தக் காரில் ஓடும் பாட்டு. பொம்மசந்திராவில் கிளம்பி அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, தொப்பூர், சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை என்று ஊர் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகிறது. அந்த ஒரு பகல்தான் பல பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மிக நீளமான தமிழ் வகுப்பு.

அந்த வகுப்பில் ல, ள, ழ மூன்றும் ஒரே மாதிரி கேட்டால் என்ன ஆகும்? இந்த எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலி பாஸில் இல்லை. ஏறக்குறைய 1000 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. பழைய டெலிபோன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கடத்தியது. அதிலேயே ஊரில் இருக்கும் அம்மா குரலில் சளி பிடித்திருப்பது நமக்குத் தெரிந்தது இல்லையா! பேச்சின் உயிர் அந்தப் பகுதியில் இருக்கிறது. கடையில் ஸ்பீக்கரைச் சோதித்துக் காட்ட வைப்பது என்னவோ தம்தம் என்று இடிக்கும் பாட்டு. நெஞ்சு அதிர்ந்தால் "சூப்பர் சார்" என்று பில் போட்டுவிடுவார்கள். சொல் புரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் என் சிபாரிசு இப்படி. கடைக்கு உங்களுக்கு மனப்பாடமான, பின்னணி வாத்தியம் குறைவான ஒரு பழைய பாட்டைக் கொண்டுபோங்கள். பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்துக் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். சொல் சொல்லாக விளங்குகிற ஜோடியை எடுங்கள், பெயர் எதுவானாலும். முன்பக்கத்துக்குப் பணம் இருந்தால் காம்பொனன்ட், இல்லையென்றால் நல்ல கோஆக்சியல். பின்பக்கத்துக்கு மிச்சம் மீதி விழுந்ததைப் போடாதீர்கள். வேறு கம்பெனியாக இருக்கட்டும், ட்வீட்டரைத் திருப்பி வைக்க முடிகிற கோஆக்சியலாகப் பாருங்கள். பின்கதவில் ஸ்பீக்கர் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது, ட்வீட்டர் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டீரியோவில் ஹைபாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சின்ன ஸ்பீக்கர் பெரிய பாஸுக்கு மூச்சு வாங்காமல், குரலை ஒழுங்காகப் பாடும்.

மாட்டும்போது மூன்று விஷயங்கள். வண்டியின் ஒயரை வெட்ட விடாதீர்கள், உங்கள் மாடலுக்குக் கப்ளர் கிடைக்கும். பிளஸ், மைனஸ் எல்லாக் கதவிலும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஒன்று மாறினாலும் பாஸ் காணாமல் போகும், உடனே "பிராண்ட் மிக்ஸ் பண்ணீங்கல்ல" என்பார்கள்! கழற்றி வைத்த ஸ்பீக்கரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கர் பிளஸில் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். மூன்றாவது, காந்தத்தின் ஆழம். ஜன்னல் கண்ணாடி முழுதாக இறங்குகிறதா என்று அங்கேயே இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

வங்கிக்காரன் என்பதால் கடைசியாக ஒரு பணக் கணக்கு. வண்டியின் இன்றைய மதிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பாட்டுக்குப் போடாதீர்கள் என்பேன். ஒரே பிராண்ட் பிடிவாதத்தை விட்டால் அந்தத் தொகைக்குள் நல்ல ஜோடிகள் இரண்டு அமையும். பில்லோடு வாங்குங்கள். 2002 மோட்டார் டாரிஃப் காலத்திலிருந்து, தனியாகப் பொருத்திய மின்சாதனங்களுக்கு அவற்றின் மதிப்பில் 4 சதவிகிதம் கூடுதல் பிரீமியம் என்று ஒரு வழி இருக்கிறது. பாலிசி புதுப்பிக்கும்போது சொல்லிச் சேர்த்துவிட்டால் திருட்டு, விபத்துக்கு அதுவும் கணக்கில் வரும்.

2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திராவுக்கு மஞ்சள் வழித்தட மெட்ரோ வந்துவிட்டது. ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் ஜே.சி. ரோடும் எஸ்.பி. ரோடும் பக்கம்தான். சில்க் போர்டு நெரிசலில் வெந்து போய், "எதையாவது போடுப்பா" என்று கடையில் சொல்ல வேண்டிய அவசியம் இனி இல்லை. முதல் நாள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, வெறும் கையோடு போய்ப் பெட்டிகளின் முதுகைப் படித்து எண்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். வாங்குவது அடுத்த வாரம். அதற்குள் விலையும் கொஞ்சம் இறங்கும்.