குதிக்கால் வலியும் நிவாரணப் பொதியும்

காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஆணி இறங்கினாற்போல் குத்துகிறது. நாலு எட்டு நடந்தால் குறைகிறது. பொழுது சாயும்போது திரும்பவும் வருகிறது. கந்தப்பளைப் பக்கத்தில் இதைச் சொல்லாத லயம் குறைவு. கேட்டால், "வயசாச்சு சாமி, குளிருக்கு அப்படித்தான்" என்கிறார்கள். முப்பத்தைந்து வயதெல்லாம் ஒரு வயதா?

குதிக்கால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. இவ்வகை வலிக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். செங்குத்தான மலையில் கொழுந்துப் பாரத்தோடு ஏறி இறங்கி, தேய்ந்த செருப்போடு நாள் முழுவதும் நின்றால் அது நோகாமல் என்ன செய்யும்? ஆபத்தான வருத்தமல்ல, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். எழுமுன் கால்விரல்களைக் கையால் பிடித்து நம் பக்கம் இழுத்து, பத்து எண்ணும்வரை வைத்திருப்போம். இப்படிப் பத்துத் தடவை. சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவதும், குளிர்ந்த நீர் நிறைத்த போத்தலைப் பாதத்தின் கீழ் உருட்டுவதும் உதவும். கடையில் வாங்கிய வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எல்லாக் கால் வலியும் இதுவல்ல. இரவில் இரு பாதங்களும் எரிந்து விறைத்தால் சலரோகத்தை நினைக்க வேண்டும். இரத்தத்தில் சீனியைப் பரிசோதிக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலை அடுப்பருகே காய்ச்சுவதும் சுடுநீரில் வைப்பதும் கூடவே கூடாது. வெந்தது தெரியாது, புண்ணாகும். பெருவிரல் மூட்டு ஓரிரவில் சிவந்து வீங்கினால் யூரிக் அமிலமாக இருக்கலாம். நடக்கையில் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுமானால் இரத்த ஓட்டக் குறைவு. பீடி, சுருட்டுப் பழக்கமுள்ளவர்கள் கவனிக்கவும். உணர்ச்சியற்ற, நிறம் மங்கிய தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்கவேண்டும். இலங்கையில் அது இன்னும் ஒழியவில்லை. இலவச மருந்தால் 6 அல்லது 12 மாதங்களில் குணமாகும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

"ஓய்வெடுங்கள்" என்று மருத்துவர் சொல்வது எளிது. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும் என்ற நிலையில் யார் ஓய்வெடுப்பது? நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே கால்நடையாக வந்தவர்கள்; வழியில் மாண்டவர்கள் ஏராளம். அதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை, ஓகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். ஆனால் இன்று மலையேறும் கால்களுக்கு நல்ல சப்பாத்து கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை என்ற பேச்சு, கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் உரக்கக் கேட்பதில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். நிவாரணப் பொதி என்றால் அரிசி, பருப்பு, சீனி, பாய் என்று நாமும் பட்டியல் போடுகிறோம். அதில் அளவு பார்த்த ஒரு சோடிச் செருப்பும் சேர வேண்டும் என்பது எமது கருத்து. வெறுங்காலோடு குளிர்ந்த சீமெந்துத் தரையில் நின்றும், இடிபாட்டுச் சேற்றில் இறங்கியும் வேலை செய்பவருக்கு அதுவும் சோற்றோடு சேர்த்தி. அடுத்த முறை யாராவது பெயர் எழுத வந்தால், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதோடு ஒவ்வொருவரின் கால் அளவையும் எழுதச் சொல்லுங்கள். மருத்துவ முகாம் வைத்தால் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள்.