வீதி இரைச்சலின் செலவை யார் கொடுப்பது?

சென்ற வருடம் என் ராத்தாவின் வீட்டை விற்க முயற்சித்தோம். கொழும்பிலிருந்து சற்றுத் தள்ளி, அதிவேகப் பாதை ஒன்றிலிருந்து நூறு மீற்றருக்கும் குறைவான தூரத்தில் இருக்கின்ற வீடு. பதினான்கு பேர்ச்சஸ் காணி, இரண்டு மாடி, நல்ல தண்ணீர், வில்லங்கமில்லாத உறுதி. பகலில் வந்து பார்த்த ஒருவருக்கு எல்லாமே பிடித்திருந்தது. விலையும் ஏறக்குறைய பேசி முடிந்திருந்தது. அட்வான்ஸ் தருவதற்கு முதல் நாள் இரவு அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு மீண்டும் வந்தார். மேல் மாடி பல்கனியில் இருவரும் ஐந்து நிமிடம் நின்றார்கள். பேர்ச்சுக்கு ஒரு இலட்சம் குறைத்தால் மட்டுமே யோசிக்கலாம் என்று மறுநாள் புரோக்கர் தொலைபேசியில் சொன்னார்.

“பாதை வந்தா காணி விலை ஏறும் எண்டாங்க மச்சான். ஏறினது இன்டர்சேஞ்சுக்குப் பக்கத்துல உள்ளவங்களுக்கு. எங்களுக்கு வந்தது சத்தம் மட்டும்தான்” என்றார் ராத்தாவின் கணவர்.

வர்த்தகப் பகுதியில் இரைச்சலைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கின்றது என்று வாசகர்கள் கேட்கலாம். இரைச்சலும் ஒரு செலவுதான் என்பதே என் பதில். வீதி அமைக்கும்போது கணக்கில் எழுதப்படாத அந்தச் செலவு, பாதையோரத்தில் குடியிருப்பவரின் தலையில் விழுகின்றது. அவர் தடித்த கண்ணாடி போடுகின்றார், ஜன்னலை மூடிவிட்டு ஏ.சி. பொருத்துகின்றார், மின்சாரப் பட்டியலைக் கட்டுகின்றார், கடைசியில் காணியையும் விலை குறைத்து விற்கின்றார். வீதி ஒரு கிலோ மீற்றருக்கு எவ்வளவு செலவானது என்று அதிகாரிகள் கூறும் தொகையில் இவற்றில் ஒரு சதமும் சேர்வதில்லை.

முதலில் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்ப்போம். என்ஜினும் ஹோர்னும்தான் காரணம் என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். நகரத்து வீதிகளில் அது சரி. ஆனால் ஒரு கார் மணிக்கு சுமார் 40 கிலோ மீற்றர் வேகத்தைத் தாண்டியதும், டயரும் வீதியும் உரசுகின்ற சத்தம் என்ஜின் சத்தத்தை மிஞ்சி விடுகின்றது. லொறி, பஸ் போன்ற கனரக வாகனங்களில் இது சுமார் 70 கிலோ மீற்றரளவில் நிகழ்கின்றது. எனவே 100 கிலோ மீற்றர் வேக எல்லை கொண்ட அதிவேகப் பாதையில் இரவு முழுவதும் கேட்கின்ற அந்த ‘ஓ’ என்ற ஓசையின் பெரும் பங்கு டயருக்கு அடியில்தான் பிறக்கின்றது. ஒவ்வொரு வாகனத்துக்கும் அமைதியான என்ஜின் பொருத்தினாலும் அது முழுமையாகத் தீராது. மின்சாரக் கார் ஓடினாலும் அதே கதைதான்.

டயரின் பள்ளங்களுக்குள் சிக்குகின்ற காற்று வீதியில் அழுத்தப்பட்டு விசையுடன் வெளியேறும்போது சத்தம் எழுகின்றது. இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துத் தட்டிப் பார்த்தால் இது விளங்கும். நாம் கார்ப்பட் வீதி என்று சொல்கின்ற சாதாரண மேற்பரப்பில் சல்லியும் மணலும் தாரும் நெருக்கமாக இறுக்கப்பட்டிருக்கும். அதில் காற்று இடைவெளி 4 முதல் 5 வீதம் வரைதான். இரைச்சல் குறைந்த மேற்பரப்பிலோ மணலைக் குறைத்து, ஏறக்குறைய ஒரே அளவான சல்லியைப் பாவித்து, சுமார் 20 வீத இடைவெளி விடுகின்றார்கள். சிக்கிய காற்று அந்தத் துளைகளுக்குள் இறங்கி விடுகின்றது. எழுகின்ற சத்தத்தின் ஒரு பகுதியையும் அதே துளைகள் உறிஞ்சுகின்றன. மழை நீரும் அவற்றினூடாக வடிவதால், முன்னால் செல்லும் லொறி கிளப்புகின்ற நீர்த்திரை குறைகின்றது. நம்மைப் போன்ற மழை நாட்டுக்கு இது கூடுதல் இலாபம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. நெதர்லாந்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து அதிவேகப் பாதைகளில் இந்த மேற்பரப்பு பரவலாகப் போடப்பட்டு வருகின்றது. இன்று அந்நாட்டின் அதிவேகப் பாதைகளில் பெரும்பாலானவை இவ்வகையே. ஒற்றைப் படையாகப் போட்டால் சுமார் 3 டெசிபல் குறைகின்றது. அடியில் பெரிய சல்லியும் மேலே சிறிய சல்லியுமாக இரட்டைப் படை போட்டால், புதிதாக இருக்கும் காலத்தில் 5 டெசிபலுக்கு மேலும் குறைகின்றது.

மூன்று டெசிபல் என்பது சிறிய தொகை போலத் தெரியலாம். ஆனால் இருபதாயிரம் வாகனங்கள் ஓடும் பாதையில் பத்தாயிரம் வாகனங்களை நிறுத்தினால் கிடைக்கின்ற குறைவும் அதே 3 டெசிபல்தான். அதே நேரம் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சத்தம் பாதியாகி விட்டது என்று காது உணர்வதற்கு சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். எனவே இந்த மேற்பரப்பு இரைச்சலை இல்லாமல் செய்து விடும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

ஒலித்தடுப்புச் சுவர் போதுமே என்று சிலர் சொல்கின்றார்கள். சுவர் நல்லதுதான். ஆனால் அது கீழ் மாடிக்குத் தருகின்ற பாதுகாப்பை மேல் மாடிக்குத் தருவதில்லை. காணி விலை காரணமாக நமது மக்கள் மேல்நோக்கியே கட்டி வருகின்றனர். வீதி மேற்பரப்பில் குறைக்கின்ற சத்தமோ எல்லா மாடிகளுக்கும் குறைகின்றது.

குறைகளும் உண்டு. துளைகள் உள்ள மேற்பரப்பு சாதாரண கார்ப்பட்டை விட விரைவில் தேய்கின்றது. சல்லி கழன்று வருகின்றது. தூசியும் சேறும் துளைகளை அடைக்க, வருடங்கள் செல்லச் செல்ல அமைதியும் குறைகின்றது. வேகமாக ஓடுகின்ற வாகனங்களின் டயர் மழை நேரத்தில் துளைகளிலுள்ள அழுக்கை உறிஞ்சி எடுப்பதால், அதிவேகப் பாதையில் இந்த அடைப்பு மெதுவாகவே நிகழும். மெதுவாக ஓடும் நகர வீதியில் அந்த வாய்ப்பு இல்லை. ஹொங்கொங்கில் அதிவேக வீதிகளில் வெற்றி கண்ட இம்முறையை, பின்னர் குடியிருப்புகள் நெருங்கிய உள்ளூர் வீதிகளிலும் பரீட்சித்தார்கள். சந்திகள், கூர்மையான வளைவுகள், செங்குத்தான ஏற்றங்கள் போன்ற, கனரக வாகனங்கள் பிரேக் பிடித்துத் திரும்புகின்ற இடங்கள் இதற்குப் பொருத்தமில்லை என்பதே அவர்கள் கண்ட அனுபவம்.

ஆகவே காலி வீதிக்கும் கண்டி வீதிக்கும் இதைப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அங்கே தண்ணீர்க் குழாய்க்கு ஒரு தடவையும் தொலைபேசிக்கு ஒரு தடவையும் வீதியை வெட்டுகின்றார்கள். சத்தமும் பெரும்பாலும் ஹோர்னிலிருந்தும் சைலன்சரிலிருந்தும்தான் வருகின்றது. அதற்கு 2011ஆம் ஆண்டின் வாகன ஹோர்ன் ஒழுங்குவிதிகளை ஒழுங்காக அமுல்படுத்தினாலே போதும். புதிய மேற்பரப்புக்கு அங்கு செலவழிப்பது வீண் விரயமாகும்.

நான் கேட்பது வேகப் பாதை குடியிருப்புகளை ஒட்டிச் செல்கின்ற பகுதிகளுக்கு மட்டும்தான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டுக்கு இந்த ஆடம்பரம் தேவையா என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. நாற்பது கிலோ மீற்றர் பாதையில் வீடுகள் நெருங்கிய பகுதி நான்கு கிலோ மீற்றர் என்று வைத்துக் கொள்வோம். அமைதியான மேற்படைக்குச் சாதாரண மேற்படையை விட 30 வீதம் அதிகம் செலவாகும் என்றும் வைத்துக் கொள்வோம். அப்போது முழுப் பாதையின் மேற்படைச் செலவில் கூடுவது 3 வீதம் மட்டுமே. மண் நிரப்புதல், பாலங்கள், காணி நட்டஈடு எல்லாவற்றையும் சேர்த்த மொத்தச் செலவில் பார்த்தால் அது அதைவிடவும் சிறிய தொகை. அந்த நான்கு கிலோ மீற்றரை மற்றப் பகுதிகளை விட முன்னதாகவே புதுப்பிக்க வேண்டி வரும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் போட்டால், சில வருடங்களில் அடைபட்ட துளைகள்தான் மிஞ்சும்.

நெதர்லாந்திடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் தொழில்நுட்பத்தை விட அதன் சட்டத்தில்தான் இருக்கின்றது என்பேன். அங்கு 2012 ஜூலை முதல் தேசிய வீதிகளின் ஓரங்களில் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு இரைச்சல் உச்சவரம்பு நிர்ணயிக்கப்பட்டுள்ளது. அதற்குள் இருக்கின்றோமா என்று வீதி நிர்வாகம் வருடா வருடம் அறிக்கை கொடுக்க வேண்டும். வாகனங்கள் பெருகி வரம்பு நெருங்கினால், நடவடிக்கை எடுப்பது வீதி நிர்வாகத்தின் பொறுப்பு. அதாவது இரைச்சலின் செலவு, வீதியைக் கட்டியவரின் கணக்கில் எழுதப்படுகின்றது. அப்படி எழுதப்பட்டால்தான் அவர் மலிவான தீர்வைத் தேடுவார்.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான ஒலிபெருக்கிப் பாவனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஒரு தச்சுப் பட்டறைக்காரர் இரவில் இயந்திரத்தை ஓட்டினால் அயலவர் பொலிஸுக்குப் போகலாம். அதைவிடப் பெரிய சத்தம் வீதியிலிருந்து வந்தால் யாரிடம் போவது? ராத்தாவின் மகன் இரண்டு இடங்களுக்குக் கடிதம் எழுதினான். ஒவ்வொரு இடமும் மற்ற இடத்தைக் கைகாட்டியது.

இதில் நமது வர்த்தகர்களுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரப் பகுதியின் அதிவேகப் பாதைகளில் 2003 முதல் பழைய டயர்த் தூள் கலந்த மெல்லிய மேற்படையைப் போட்டார்கள். மக்கள் அதை விரும்பி வரவேற்றார்கள். அங்கு அடியிலிருந்தது இரைச்சல் மிகுந்த கொங்கிறீட் என்பதால் பலன் பெரிதாகத் தெரிந்தது. நமது பாதைகள் ஏற்கனவே கார்ப்பட் என்பதால் அந்தளவு பலனை எதிர்பார்க்க முடியாது. காலப்போக்கில் அந்த மேற்படையும் தேய்ந்து, அண்மைக் காலத்தில் சில பாதைகளில் அதை நீக்கிவிட்டுக் கொங்கிறீட்டையே இயந்திரத்தால் உரசிச் சீராக்குகின்றார்கள். இருந்தாலும் டயர்த் தூள் தாருக்குத் தருகின்ற பிடிமானம் நிரூபிக்கப்பட்ட ஒன்று. ஆசியாவில் முதன்முதலாக 1876இல் இறப்பர் நடப்பட்டது கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில். அப்படிப்பட்ட நாட்டில் பழைய டயர்கள் நுளம்பு பெருகும் குப்பையாகக் கிடக்கின்றன. இவற்றைத் தூளாக்கித் தரமாக விநியோகிக்கின்ற தொழில் முயற்சிக்கு, நிரந்தரமாக வாங்குகின்ற ஒருவர் தேவை. அந்த வாடிக்கையாளராக அரசின் வீதித்துறை இருக்க முடியும்.

கடவத்தை – மீரிகம அதிவேகப் பாதையின் வேலைகள் 2025 செப்டெம்பரில் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டன. சுமார் 37 கிலோ மீற்றர் நீளமான இப்பாதை கம்பஹா மாவட்டத்தின் நெருக்கமான ஊர்களினூடாகச் செல்கின்றது. 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதை போன்றவற்றின் மேற்படையையும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கத்தான் வேண்டும். மேற்படை போடுகின்ற அந்த வேளையே இதற்குச் சரியான சந்தர்ப்பம்.

அதிகாரிகளிடம் எனது கோரிக்கை மூன்று. ஒன்று, வீடுகள் நெருங்கிய பகுதிகளை முன்கூட்டியே அடையாளம் கண்டு, இரவு நேர இரைச்சலை அளந்து பகிரங்கப்படுத்துங்கள். இரண்டு, அப்பகுதிகளுக்கான கேள்விப்பத்திரத்தில் சல்லியின் அளவையும் தாரின் தரத்தையும் எழுதுவது போல, முதலாம் வருடத்திலும் ஐந்தாம் வருடத்திலும் இருக்க வேண்டிய இரைச்சல் அளவையும் எழுதுங்கள். ஒப்பந்தக்காரருக்குரிய பணத்தில் ஒரு பகுதியை அந்த அளவீடு முடியும் வரை தடுத்து வையுங்கள். மூன்று, முதலில் ஒரு கிலோ மீற்றரில் பரீட்சித்து, நமது மழைக்கும் நமது லொறிகளுக்கும் அது எத்தனை வருடம் தாங்குகின்றது என்று பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கின்றேன். பாரிய வீதித் திட்டங்களின் சுற்றாடல் அறிக்கைகள் பொதுமக்களின் கருத்துக்காகத் திறந்து வைக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் நாம் காணி நட்டஈட்டைப் பற்றி மட்டுமே கேட்கின்றோம். காணி எடுக்கப்படாமல் பாதையோரத்தில் எஞ்சி இருப்பவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அடுத்த தடவை உங்கள் ஊருக்கு அப்படியொரு அறிக்கை வந்தால், எங்கள் வீட்டு ஜன்னலில் இரவு எத்தனை டெசிபல் கேட்கும், அதைக் குறைக்க எந்த மேற்படையைப் போடப் போகின்றீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பாதை போட்டு முடிந்த பிறகு கேட்ட ராத்தாவின் மகனுக்குப் பதில் கிடைக்கவில்லை. வீடும் இன்னும் விற்கப்படவில்லை.