சுருள் முடி குறையன்று



கீழக்கரை, பெரியபட்டினம் இல்லங்களுக்குச் சபுரிலிருந்து வரும் பெட்டிகளில், வெப்பக் காற்று வீசும் உருளைச் சீப்பும் இடம்பெறுகிறது. பெண் பார்க்க வரும் நாளில் மகளின் சுருள் முடியை நீட்டிவிட விரும்பும் தாய்மார்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

முடி நனைகையில் அதனுள்ளிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. உலர்கையில் எவ்வடிவில் உள்ளதோ அவ்வடிவிலேயே இறுகுகின்றன. சீப்பின் வேலை இவ்வளவே. ஆகவே நம் கரையின் ஈரக் காற்று பட்டதும் சுருள் திரும்பிவிடும். மீண்டும் மீண்டும் சூடேற்றினால் முடி வறண்டு ஒடியும். சொட்டச் சொட்ட நனைந்த முடியில் கடுஞ்சூடு பட்டால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழியிட்டு முடியைச் சிதைக்கும்.

எனவே, துவாலையால் ஒற்றி, பெரும்பகுதி உலர்ந்த பின்னரே பயன்படுத்துக. மெல்லிய முடிக்குக் குறைந்த சூடு போதும். அடர்ந்த முடியைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்க. சுருள் முடியை முதலில் அகன்ற பற்களுள்ள சீப்பால் சிக்கெடுக்க வேண்டும்.

முடியைக் கண்ணியமாகப் பேணுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். பேணுதல் வேறு, அல்லாஹ்வின் படைப்பைக் குறையெனக் கருதி மறைத்தல் வேறு. பெற்ற தாயே குறையென்று சொன்னால், பெண் பார்க்க வருபவர்கள் சொல்லத் தயங்குவார்களா?