சும்மா சுற்றினால் என்ன?

மெட்ராஸ் போயிட்டு வந்தேன் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, "தி.நகர்ல என்ன வாங்கினே?" ரங்கநாதன் தெருவில் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்தோம். மூச்சு மட்டும்தான் வாங்கினோம்!

காலாண்டு லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் என் தோழியும் மட்டும். அடையாறில் இருக்கும் அவள் அத்தை போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "ஆறு மணிக்குள்ள வந்துடுங்கடி" என்றார். மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுற்றி மெதுவாக நடந்தோம். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் எட்டு மாடி! உள்ளே போக ஒரு பைசா கேட்கவில்லை. அங்கேயே இரண்டு மணி நேரம் போச்சு. பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு வெள்ளை வளைவு நிற்கிறது. 1930-ல் நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர் விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச் சின்னமாம். அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இருந்தோம்.

"வயசுப் பொண்ணுங்க வேலை இல்லாம எதுக்குச் சுத்தணும்?" என்று ஊரில் சிலர் கேட்கிறார்கள். பையன்கள் ஏரிக்கரைக்குப் போகும்போது என்ன வேலை என்று யார் கேட்கிறார்கள்? 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நம்ம ஊர் பஸ்ஸிலும்தான். அரசு பஸ்ஸை விட்டாச்சு, வீடுதான் இன்னும் விடணும்.

அடுத்த சனிக்கிழமை டவுன் நூலகத்துக்கு நாங்கள் இருவரும் போக அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றிருக்கிறார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி