நடையும் கொடையும்

உடலை ஓம்புவது அறம். இல்லாதவர்க்கு ஈவதும் அறம். இரண்டையும் ஒருங்கே செய்வது பினாங்குத் தமிழர்க்குப் புதிய பாடமன்று. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை நோக்கிக் கால்நடையாய்ச் செல்வோர் ஒருபுறம். வழிநெடுகப் பந்தலிட்டு அவர்தம் தாகம் தீர்ப்போர் மறுபுறம். நடையும் கொடையும் கைகோத்த வீதிகள் ஜார்ஜ்டவுன் வீதிகள்.

இன்று அந்நடைக்கு வேறொரு கோலம் வந்துள்ளது. ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007இல் தீர்மானித்து, 2008 முதல் கடைப்பிடிக்கப்படுவது. அதனையொட்டி உலகின் பல நகரங்களில் மக்கள் நீலச் சட்டை அணிந்து நடக்கின்றனர், ஓடுகின்றனர், நிதி திரட்டுகின்றனர். நல்லதே! ஆயின், மறுநாள் காலையில் அக்குழந்தைக்கு எந்தக் கதவு திறந்தது? இவ்வினாவை எழுப்பாத ஓட்டம், ஓடியவர் உடலுக்கு மட்டுமே நன்மை செய்த ஓட்டம்.

முதலில் விழாவையே நோக்குக. ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலருக்குப் பேரொலியும் நெரிசலும் தாங்கொணாத் துன்பம். அவர்கள் பெயரால் நடைபெறும் ஓட்டத்திலேயே ஒலிபெருக்கி அலறினால், அவர்கள் எங்ஙனம் வருவர்? விருந்துக்கு உரியவனை வாசலில் நிறுத்திவிட்டுப் பந்தி நடத்துவது எவ்வூர் வழக்கம்?

‘விழிப்புணர்வு வந்தால் மற்றவை தாமே வரும்’ என்பர் சிலர். தாமே வாரா. 1980இல் டெர்ரி பாக்ஸ் என்னும் கனடிய இளைஞர், புற்றுநோயால் ஒரு காலை இழந்தபின், செயற்கைக் காலுடன் 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தரவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். பணம் எதற்கு என்பது அவர் ஓட்டத்தில் தெளிவாய் இருந்தது. நம் ஓட்டங்களில் சட்டையின் நிறம் தெரிகிறது; பணம் போய்ச் சேரும் இடம் தெரிகிறதா?

போய்ச் சேரவேண்டிய இடம் தொலைவில் இல்லை, பள்ளிக்கூடமே அது. உடற்குறையோ மனவளர்ச்சி வேறுபாடோ காரணமாக எவரையும் பொதுக் கல்வியினின்று விலக்கலாகாது என்பது மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம். பொதுப்பள்ளிகளில் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்புகளும் உள்ளன. ஆயினும் எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் அவ்வகுப்பு இல்லை. இல்லாத இடத்தில் என்ன நேர்கிறது? தாயின் தாலாட்டைத் தமிழில் கேட்டு வளர்ந்த குழந்தை, பேச்சே அரிதாய் வரும் அக்குழந்தை, வேற்றுமொழி வகுப்பில் போய் அமர்கிறது. இருக்கும் சில சொற்களும் வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று எனச் சிதறுகின்றன. தமிழ்ப்பள்ளியைக் காப்போம் என்று மேடையில் முழங்குவோர், இக்குழந்தையைத் தமிழ்க் குழந்தை என்று எண்ணவில்லையா?

ஆட்டிசத்தைத் தமிழில் ‘மதியிறுக்கம்’ என்கின்றனர். 1943இல் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப்பின் வளர்ந்த அறிவோ, இது மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு என்று உணர்த்துகிறது. வகுப்பில் அமைதியாய் அமராத பிள்ளையை அடங்காப்பிள்ளை என்று பெயரிட்டு அனுப்பிவிடும் நாளில், மதி இறுகியிருப்பது யாரிடம்?

ஆதலின், ஓட்டம் நடத்துவோர் பணம் செல்லும் இடத்தை முன்னரே அறிவிக்கட்டும். முடிந்தபின் கணக்கை வெளியிடட்டும். அந்நிதி தமிழில் பட அட்டைகள் ஆகட்டும். ஆசிரியர்க்குப் பயிற்சி ஆகட்டும். வகுப்பில் ஓர் உதவியாளரின் ஊதியம் ஆகட்டும். ஒலிபெருக்கி இல்லாத ஒரு நடையை அக்குழந்தைகளுக்கென ஒதுக்கட்டும். ஆசிரியர்கள் பெற்றோரைக் கூப்பிட்டுக் குறை கூறுமுன், பிள்ளையைக் கூர்ந்து நோக்கட்டும். மாணவர்கள் இடைவேளையில் தனித்து நிற்கும் தோழனருகே சென்று நிற்கட்டும்.

பத்துக் கிலோமீட்டர் ஓடுதல் எளிது. வகுப்பறையின் கடைசி மேசைவரை நடப்பதே அரிது. அந்நடையே கொடை!